சுயமுடிவுக்குப் படிவம் ‘ஆ’

முப்பத்தொரு வருட சர்வீஸில் திருஞானசம்பந்தம் தானாக எடுத்த முடிவு என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும். மீசையை எடுத்துவிட்டார். மற்றபடி சாக்குக்கட்டி எத்தனை பெட்டி, மழை பெய்தால் பள்ளியை மூடலாமா, மூடிய பிறகு மழை நின்றுவிட்டால் திறக்கலாமா என்று எல்லாவற்றையும் மேலே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் செய்வார். மழைக்கு அனுமதி பெரும்பாலும் சித்திரையில் வரும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. வாங்கிப் பைலில் வைத்துக்கொள்வார்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்கள் நாலு வந்து சேருகிற மூலையில் இருந்த அரசினர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து போவார். எழுபத்தொன்றாம் வருடம் ஆடி மாதத்தில் அவருக்குப் பட்டணத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் முடிவெடுக்கும் அதிகாரம் பள்ளிகளுக்கே. எதற்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று தடவை படித்தார். பிறகு மணியடிக்கிற பூவம்மாளைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அதிகாரத்தைக் கையில் கொடுக்க ஒரு விழா நடந்தது. நாற்பது பள்ளித் தலைமையாசிரியர்களும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதிகாரப் பரவலாக்கத் தனி அலுவலர் வேணுகோபால். ஆறடி உயரம், சரிகை அங்கவஸ்திரம். மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

“பேரன்பிற்குரிய தலைமையாசிரியப் பெருமக்களே! இதுநாள்வரை அதிகாரமெல்லாம் எங்களிடமே குவிந்து கிடந்தது. அந்தப் பாரத்தைச் சுமந்து சுமந்து எங்கள் முதுகு கூனிவிட்டது. இன்று முதல் நீங்கள் சுதந்திரமானவர்கள்! எப்படியெல்லாம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதை விவரமாக எழுதி அனுப்புவோம். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். திருஞானசம்பந்தமும் தட்டினார். பிறகு ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, ‘சுயமாக முடிவெடுக்கப்பட்டது’ என்று செதுக்கிய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். மை வைத்த டப்பா தரவில்லை. அது தனி அலுவலரின் மேலாளர் சிட்டிபாபுவிடம் இருக்கும், வேண்டும்போது எழுதிக் கேட்டு வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிணற்றை விற்றோம், தண்ணீரை விற்கவில்லை என்கிற கதைதான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை. மாலையும் கேசரியும் கொடுத்திருந்தார்கள்.

கேசரி இனிப்பு நாக்கில் இருக்கும்போதே திருஞானசம்பந்தம் ஒரு முடிவெடுத்தார்.

பல வருடமாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் அது. நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவது என்று ஒன்று உண்டு. தறியில் ஏறப்போகிற நீளவாட்டு இழைகளுக்குப் பாவு என்று பேர். அதை விடியற்காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாக ஒதுக்கி, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. அந்தப் பன்னிரண்டு பேரில் பாதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பாவு காய்ந்து பிள்ளைகள் கை கழுவும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பள்ளியிலோ ஒன்பதரைக்கு மணி. ஒன்பதே முக்காலுக்கு மேல் வந்தால் வந்தும் வராத கணக்கு, அன்றைக்கு ஆப்சென்ட்.

இந்த ஆப்சென்ட்டில் வருடா வருடம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுத முடியாமல் போனார்கள். இந்த வருடம் பதினோராம் வகுப்பில் நீலாம்பாள் என்று ஒரு பெண் இருந்தாள். கணக்கு வாத்தியார் போடுகிற கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிறவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அப்பா மயில்வாகனம், தறிக்காரர், தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று ஒரு நாள் பட்டென்று சொல்லிவிட்டார்.

“ஒரே தபாதான் சார். இந்த வருசம் எழுதிட்டாள்னா மேல படிக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். எழுதலன்னா வைகாசில கல்யாணம். மாப்ள ஊட்டுல இப்பவே கேட்டுக்கினு இருக்காங்க. ரெண்டாவது வருசம் என்னால பதில் சொல்ல முடியாது.”

ஆகவே தலைமையாசிரியர் முடிவெடுத்தார். பாவு நீட்டுகிற நாட்களில் பள்ளி பத்தரைக்குத் தொடங்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட நடக்கும். ஒரு காசு செலவில்லை, ஒரு பாடம் குறையவில்லை. பூவம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இன்னா சார், மேல கேட்டுட்டீங்களா?” என்றாள் அவள்.

“கேட்க வேண்டாமாம் பூவம்மா. அதிகாரம் நம்முடையது.”

பூவம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பாள்.

ஒன்பது நாள் நன்றாக நடந்தது. பத்தரை மணிக்கு வகுப்பில் ஒரு இடம் காலியில்லை. பத்தாம் நாள் ஒரு ஜீப் வந்தது. சிட்டிபாபு இறங்கினார். கையிலிருந்த கடிகாரத்தையும் காலியாகக் கிடந்த மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதென்ன சார், பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் காடு மாதிரி கிடக்கிறது?”

“மணியை மாற்றியிருக்கிறேன். நானே முடிவெடுத்தேன்.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேட்க வேண்டாம் என்றுதானே அதிகாரம்...”

“அதிகாரம் கொடுத்தோம் சார். எடுத்து உபயோகிக்கச் சொன்னோமா?” சிட்டிபாபுவுக்கு நிஜமாகவே மனம் புண்பட்டுவிட்டது. “வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு வைத்திருக்கிறோம். தினமுமா ஏற்றுகிறோம்? நாலு பேர் வந்தால் காட்டுகிறோம். அவ்வளவுதான்.”

பிறகு பெரிய மனது பண்ணி ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதுதான் படிவம் ‘ஆ’. சுயமாக எடுக்கவிருக்கும் முடிவை எடுக்கலாமா என்று முன்கூட்டி அனுமதி கேட்கும் விண்ணப்பம், மூன்று பிரதிகள். அதில் ஏழாவது கேள்வி: ‘இம்முடிவு முழுக்க முழுக்கத் தங்கள் சொந்த முடிவுதானா? ஆம் எனில், அதற்கு உத்தரவிட்ட அதிகாரியின் பெயரும் பதவியும்.’

“அனுமதி வந்தால், விண்ணப்பித்த தேதியிலிருந்தே வந்துவிட்டதாக அர்த்தம். கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும் பாருங்கள்,” என்று சிட்டிபாபு விளக்கினார். “வராவிட்டால் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று அர்த்தம்.”

ஆகஸ்ட் பதினாறாம் தேதி திருஞானசம்பந்தம் படிவத்தை நிரப்பி அனுப்பினார். மணி பழையபடி ஒன்பதரைக்குப் போயிற்று. படிவம் நீல மையில் எழுதியதற்காகத் திரும்பி வந்தது. அதே தேதி போட்டுக் கறுப்பு மையில் எழுதினார். இந்த முடிவால் தங்களுக்குப் பாதிப்பில்லை என்று மற்ற முப்பத்தொன்பது தலைமையாசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லி வந்தது. விடுமுறை நாட்களில் உத்திரமேரூர், வாலாஜாபாத் என்று பஸ் ஏறி அலைந்து முப்பத்தொன்பது கையெழுத்தும் வாங்கினார். அந்தத் தலைமையாசிரியர்களில் பாதிப் பேர், கையெழுத்துப் போட அனுமதி கேட்டு எழுதிவிட்டுத்தான் போட்டார்கள். மூன்றாம் தடவை வந்த பதில் படிவத்தின் மேலேயே வேணுகோபால் கைப்பட இருந்தது: ‘பாவு நீட்டுதல் பள்ளிக்கு வெளியே நடப்பதால் பள்ளியின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. மணி அடித்தல் பள்ளிக்கு உள்ளே நடப்பதால் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிராகரிக்கப்படுகிறது.’

வாங்கிப் பைலில் வைத்தார். ஆனால் இந்தத் தடவை வைப்பதற்கு முன் இன்னும் இரண்டு தடவை படித்தார்.

இதற்கு நடுவில் ‘சுயமுடிவு நாள்’ வேறு வந்தது. நாற்பது பள்ளிகளும் ஒரே நாளில், காலை சரியாகப் பதினொரு மணிக்கு, சுயமாக ஒரு முடிவெடுக்க வேண்டும். எதைப் பற்றி முடிவெடுப்பது என்று குழம்ப வேண்டாம் என்று அதையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்: குடிதண்ணீர்ப் பானையை வாசலுக்கு வலப்பக்கம் வைப்பதா, இடப்பக்கம் வைப்பதா? ஆசிரியர்களைக் கூட்டி ஒரு மணி நேரம் விவாதித்து, இடப்பக்கம்தான் நிழல் என்பதால் இடப்பக்கம் என்று எழுதி அனுப்பினார் திருஞானசம்பந்தம். பத்தே நாளில் விளக்கம் கேட்டு ஓலை வந்தது: ‘மற்ற முப்பத்தொன்பது பள்ளிகளும் சுயமாகச் சிந்தித்து வலப்பக்கம் என ஒருமனதாக முடிவெடுத்திருக்க, தாங்கள் மட்டும் சிந்திக்கத் தவறியது ஏன்?’

விசாரித்துப் பார்த்தார். அந்த முப்பத்தொன்பது பேரும் முதல் நாளே சிட்டிபாபுவுக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். இங்கேயும் பானையைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். பிள்ளைகள் மழை பிடிக்கும்வரை வெந்நீர் குடித்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. மார்கழியில் வெயில் எட்டிப் பார்த்ததும் ஒரு நாள் விடாமல் தெருவில் பாவு போட வேண்டியதாயிற்று. தை மாசி முகூர்த்தங்களுக்குக் கடைக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் தினமும் பத்து மணிக்கு மேல்தான் வந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து வேணுகோபாலுக்கு நேரந்தவறாமை மேல் காதல் வந்தது. நாற்பது பள்ளி வாசலிலும் தானே நின்று பார்ப்பதாகக் கிளம்பினார். காஞ்சிபுரத்துக்கு அவர் வந்தது மார்கழி இருபதாம் தேதி.

ஒன்பதரை அடித்ததும் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு நீலாம்பாள் ஓடி வந்தாள். பின்னால் இன்னும் பத்துப் பிள்ளைகள். கை கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறாள்.

“கையைக் காட்டு. என்ன இது பிசுபிசுப்பு?”

“கஞ்சி சார். பாவுக்கு...”

“இந்தக் கையை வைத்துக்கொண்டு எஸ்.எஸ்.எல்.சி. எழுதி என்ன கிழிக்கப்போகிறாய்? போய்த் தறியில் உட்கார். நாட்டுக்கு நெசவாளிகளும் தேவை, அம்மா!” பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். “ஒவ்வொருவரும் அவரவர் முடிவைத் தாமே எடுக்க வேண்டும் என்பதுதான் நம் திட்டத்தின் உயிர்நாடி. இந்தப் பெண்ணுக்கான முடிவை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.”

சிட்டிபாபு சிரித்தார். நாலைந்து ஆசிரியர்களும் சிரித்துவைத்தார்கள். நீலாம்பாள் அழவில்லை. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே மத்தியானம்வரை நின்றாள். திருஞானசம்பந்தம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தொரு வருடம் அடக்கி வைத்த கோபம் எல்லாம் ஒரே நாளில் வந்தது. ‘உன்னை நான் விடமாட்டேன்டா’ என்று மனசுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கதோஷம், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

அன்று முதல் ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு. பரீட்சைக்கு அனுப்ப வேண்டிய வருகைப் பட்டியல் தை இருபத்தெட்டாம் தேதி பட்டணத்துக்குப் போயாக வேண்டும். பொங்கல் கழித்து ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். நீலாம்பாளுக்குப் பதினொரு நாள் குறைந்தது.

தை பத்தொன்பது, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே மயில்வாகனம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டுக்குள் விட்டார். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். தலைமையாசிரியருக்கு ஆச்சரியம்.

“இன்றைக்கு உங்கள் வீட்டுப் பாவு இல்லையா மயில்வாகனம்?”

“எங்க முறைதான் சார். நீட்டல. சுருட்டி உள்ள வெச்சிட்டேன்.”

தெருவுக்கு ஒரு முறை உண்டு. மயில்வாகனம் தெருவில் வீடு பத்தொன்பது, ஒரு காலைக்கு ஒரு பாவுதான் நீட்ட முடியும். யாருக்கு எந்தக் காலை என்பதைத் தெருக்காரர்கள் அவர்களே வைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. தன் முறைக்கு ஆள் சேர்க்க முடியாதவன் கடைசிக்குப் போவான். பத்தொன்பது காலை கழித்துத்தான் மறுபடி வரும்.

“ஏன் விட்டீர்கள்? உங்களுக்கு நஷ்டமில்லையா?”

“எனக்கு இன்னா சார் நஷ்டம், தறில வேற சேலை பாதி ஓடிக்கினு இருக்குது. இது ஸ்பெஷல் ஆர்டரு. மாம்பழக் கலரு, அரக்குக் கரை. பொண்ணுக்குக் கூரைப் பொடவை, மாசி இருபத்திரண்டு முகூர்த்தம்னு கடைக்காரரு பறக்கறாரு. யாருக்குன்னு நேத்துதான் சொன்னாரு.” மயில்வாகனம் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “பட்டணத்துல பெரிய ஆபீசராம். வேணுகோபாலாம். அதான், கவர்மெண்டு உத்தரவு, புள்ளைங்க ஒன்பதரைக்கு ஸ்கூல்ல இருக்கணும், கை இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். உத்தரவ மீறலாமா சார்?”

“மீறவே கூடாது,” என்றார் திருஞானசம்பந்தம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பைலைத் திறந்து ஆகஸ்ட் பதினாறாம் தேதிப் படிவத்தின் மூன்று பிரதிகளையும் எடுத்துத் தூசி தட்டி மேஜை மேல் வைத்தார். காத்திருந்தார்.

சரியாக ஒரு வாரம். தை இருபத்தாறு, காலை எட்டே முக்காலுக்கு ஜீப் வந்து நின்றது. வேணுகோபால் முன்னால் வர, சிட்டிபாபு பின்னால் ஓடி வந்தார். தனி அலுவலர் அன்றைக்குப் பானையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தேனொழுகப் பேசினார்.

“தலைமையாசிரியரே, இந்த ஒன்பதரை மணி கொஞ்சம் அவசரமாகப் படவில்லையா உங்களுக்கு?”

“படவில்லையே சார். தங்கள் உத்தரவு.”

“உத்தரவு கிடக்கட்டும். உள்ளூர் நிலைமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நெசவாளர் பிள்ளைகள் காலையில் வீட்டுக்குத் தேவைப்படுகிறார்கள். பாவு என்கிறார்கள், கஞ்சி என்கிறார்கள். எத்தனை குடும்பங்களின் வாழ்வு! இதையெல்லாம் நீங்களே யோசித்துச் செய்ய வேண்டாமா? எதற்காக உங்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தோம்?”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருஞானசம்பந்தம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். ஆனால் நேரமில்லை.

“செய்துவிடலாம் சார். வாயால் சொன்னால் செல்லாது என்று சுற்றறிக்கை பதினான்கில் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்.” படிவத்தை நகர்த்தி வைத்தார். “இதில் ஒரு கையெழுத்து.”

“இது நிராகரித்த படிவமாயிற்றே,” என்றார் சிட்டிபாபு.

“வேறு படிவம் அச்சாகி வர மாசி கடைசி ஆகும் என்று தாங்கள்தானே எழுதியிருந்தீர்கள்?”

மாசி கடைசி என்றதும் வேணுகோபால் பேனாவை உருவினார். நிராகரிக்கப்படுகிறது என்பதை அடித்தார். பன்னிரண்டாம் கேள்வி, அனுமதிப்பதற்கான காரணம். அதை அதிகாரி கைப்பட எழுத வேண்டும் என்று அவரே விதி போட்டிருந்தார். ‘நெசவாளர் குடும்பங்களின் நலனை முன்னிட்டும், ஏழை மாணவர்களின் கல்வி பாதிக்கப்படாதிருக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது அவர் கண்ணே லேசாகக் கலங்கியது. தன்னைப் பற்றி அவருக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம்.

“ஆகஸ்ட் பதினாறிலிருந்து அமல், சார். கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும்,” என்றார் திருஞானசம்பந்தம். “அப்படியானால் அன்றிலிருந்து பத்தரைக்குள் வந்தவர்கள் எல்லாரும் வந்தவர்கள். திருத்திய வருகைப் பட்டியல் இது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களும் நேரத்துக்கு வந்துதான் நின்றார்கள். இதிலும் ஒன்று.”

“இதற்கெல்லாம் என்ன அவசரம்...”

“பட்டியல் முடிந்தால்தான் சார் மணியை மாற்ற முடியும். இப்போதே ஒன்பது பத்து. பாவுக்கு வெயில் ஏறிவிடும்.”

வேணுகோபால் பட்டியலைப் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவருக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். சிட்டிபாபு ஜீப்புக்கு ஓடி மை டப்பாவை எடுத்து வந்தார். பதினொன்றாவது பெயர் நீலாம்பாள். அதன் நேரே தனி அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. திருஞானசம்பந்தம் மை காயும்வரை ஊதினார். அப்புறம் பட்டியலை உறையிலிட்டு, அரக்கு வைத்து, எழுத்தரிடம் கொடுத்துத் தபாலாபீசுக்கு ஓடச் சொன்னார். எழுத்தர் தெரு முனையைத் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

கேட்டுக்குள் வந்து நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டார். “இன்றைக்குப் பத்தரைக்குத்தான் மணி. போய்ப் பாவுக்கு நில்லுங்கள்.” பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஓடினார்கள். வேணுகோபாலுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பில் ஆசிரியர்களைக் கூட்டிச் சுதந்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார்.

“வாருங்கள், நாமும் போய்ப் பார்ப்போம்,” என்று தலைமையாசிரியரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

ஜீப் தெருவுக்குள் இருபதடி கூடப் போக முடியவில்லை. வீதி நெடுகப் பச்சைப் பட்டுப் பாவு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் பெரியவர்களும் பிள்ளைகளும் கஞ்சியோடு நின்றார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை. காஞ்சிபுரத்தில் தேருக்கு வழி விடுவார்கள், பாவு போட்ட தெருவில் ஜீப்புக்கு வழி விடமாட்டார்கள். மூவரும் இறங்கி நடந்தார்கள்.

“பச்சையாக இருக்கிறதே?” என்றார் வேணுகோபால். “நான் மாம்பழக் கலர் அல்லவா சொன்னேன்?”

“இது காமாட்சியம்மா ஊட்டுது சார்,” என்றார் மயில்வாகனம், கையை எடுக்காமல். “உங்களுது போன வியாழக்கெழம முறை. அன்னிக்கு ஒன்பதரைக்குக் கேட்டு பூட்டிட்டாங்க, கை இல்ல. முறை தப்பினா கடைசிக்குப் போயிடும்.”

“கடைசி என்றால்?”

“மாசி பாதில பாவு ஏறும். பங்குனில சேலை ரெடி. கலரு நல்லா வரும் சார், நீங்க கவலப்படாதீங்க.”

“மாசி இருபத்திரண்டு கல்யாணம் ஐயா! முறையாவது ஒன்றாவது! யார் இங்கே தலைவர்? கூப்பிடு அவரை. நான் யார் தெரியுமா?”

“தெரியும் சார்,” என்றார் மயில்வாகனம். “கேட்டாண்ட நின்னவருதானே.”

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேணுகோபால் குரலை இறக்கினார். பாவின் கோடியில் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றது அவர் கண்ணில் பட்டது. அடையாளம் தெரியவில்லை. அவருக்கு எந்தப் பிள்ளையையும் அடையாளம் தெரிந்ததில்லை.

“சரி. இது முடிந்ததும் என்னுடையதை நீட்டிவிடுங்கள். பாவு தயாராகத்தானே இருக்கிறது? இவ்வளவு பிள்ளைகளும் இங்கேயே நிற்கிறார்கள். என்னம்மா, நீ சொல், ஒரு மணி நேரத்தில் முடியாது?”

அப்போதுதான் பள்ளியிலிருந்து பத்தரை மணி கேட்டது. பூவம்மாள் அன்றைக்கு வழக்கத்தைவிட ஓங்கி அடித்தாள். பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். பெரியவர்கள் சட்டென்று நடுவில் தாங்கிக்கொண்டார்கள். கோடிக்குத்தான் ஆள் இல்லை.

“சார், இத்தப் புடிங்க,” என்று நீலாம்பாள் கழியை வேணுகோபால் கையில் கொடுத்தாள். “இறுக்கிப் புடிச்சிக்கணும். விட்டீங்கன்னா பாவு மண்ணுல விழுந்து சிக்காயிடும்.”

அவர் அனிச்சையாகப் பிடித்துக்கொண்டார். பாரம் இழுக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. அங்கவஸ்திரம் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் கை இல்லை. ஒரு பையன் பக்கத்துக் கழியைச் சிட்டிபாபுவிடம் திணித்துவிட்டான்.

“ஏய், நீ எங்கே போகிறாய்?”

“பெல் அடிச்சிட்டாங்க சார். லேட்டா போனா கேட்டு பூட்டி ஆப்சென்ட் போட்டுடுவாங்க. உங்க உத்தரவுதான்.” அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கையில் கஞ்சி அப்படியே இருந்தது.

“தலைமையாசிரியரே! யாரையாவது வரச் சொல்லுங்கள்!”

“எனக்கும் மணி அடித்துவிட்டது சார்,” என்றார் திருஞானசம்பந்தம். வேட்டியை ஒரு முழம் தூக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தார். முப்பத்தொரு வருட சர்வீஸில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. கோவில் யானை மாதிரி ஆடி அசைந்து நடக்க வேண்டும் போலிருந்தது. தெரு முனைவரை போய், ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கஞ்சி சொட்டிச் சொட்டித் தனி அலுவலரின் பூட்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரமய்யா இப்படி நிற்பது?” என்று வேணுகோபால் கத்துவது கேட்டது.

“காயட்டும் சார்,” என்றார் மயில்வாகனம்.